இடைவேளைக்குப் பிறகு மறுக்கக் கூடாது

பெருமாள்ராஜுக்கு லாரி தூக்க வரும். அது தனக்கு வராமலே இருந்திருக்கலாம் என்பது அவன் எண்ணம்.

சிலருக்குப் பாட்டு வருகிறது, சிலருக்குக் கணக்கு வருகிறது, இவனுக்கு இது வந்துவிட்டது. எங்கிருந்து வந்தது என்று அவனுக்கே தெரியாது. ஸ்ரீவைகுண்டத்தில் வாழைத்தார் ஏற்றி இறக்குகிற வேலை. மற்ற சுமைக்காரர்களைப் போலவே தலையில் சும்மாடு வைத்து ஒன்றிரண்டு தாராகத்தான் தூக்குவான். வண்டியோடு தூக்க முடியும் என்பதை ஒருவரிடமும் மூச்சுவிட்டதில்லை. சொன்னால் வண்டியோடு தூக்கச் சொல்வார்கள்.

தவிர, அந்த வரத்தோடு ஒரு வில்லங்கமும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. மனுஷன் தூக்கக் கூடாத கனத்தை அவன் தூக்கும்போதெல்லாம் கையில் கொஞ்சம் மரத்துப்போகும். மரத்தது மரத்ததுதான், திரும்பி வராது. பள்ளிக்கூடம் போகிற வயதில் கிணற்றில் விழுந்த பசுமாட்டைத் தூக்கி வெளியே விட்டதில் வலது கைச் சுண்டுவிரல் போயிற்று. விரல் இருக்கிறது, மடங்குகிறது, நீளுகிறது. தொட்டால் மட்டும் தெரியாது. ஒரு டாக்டர் ஊசியால் குத்திப் பார்த்தார். தொழுநோயாக இருக்குமோ என்று சோதித்து, இல்லை என்று தெரிந்ததும் ஏமாந்துபோனவர் மாதிரி சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு அவன் பாட்டுக்கு ஒழுங்காகத்தான் இருந்தான். டிசம்பர் மாதம் வெள்ளம் வந்தது. வாழைக்குப் போன லாரி ஒன்று சரிந்து, டிரைவர் அடியில் மாட்டிக்கொண்டு கத்தினார். சுற்றிலும் இடுப்பளவு தண்ணீர். பெருமாள்ராஜ் நாலு பக்கமும் பார்த்தான். வேறு யாராவது தூக்குவார்களா என்றுதான் பார்த்தான். ஒருவரும் இல்லாததால் வலது கையைக் கொடுத்துத் தூக்கினான். மோதிர விரலும் நடுவிரலும் அன்றைக்குப் போயின.

அதை எவனோ மொட்டைமாடியிலிருந்து போனில் படம் பிடித்துவிட்டான். படம் காயல்பட்டினம் போய், அங்கிருந்து துபாய் போய், பின்னணி இசையோடு ஊர் திரும்பியது. அதன் பின்னாலேயே பாளையங்கோட்டையிலிருந்து எபனேசர் வந்தார்.

எபனேசர் சினிமாக்காரர்களுக்கு இடமும் ஆளும் பிடித்துக் கொடுக்கிறவர். அப்பா மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். அந்த வீட்டிலிருந்து இந்தத் தொழிலுக்கு எப்படி வந்தார் என்று கேட்டால், இதுவும் ஆளைப் பிடித்துச் சேர்க்கிற ஆத்தும ஆதாயம்தான் என்பார்.

"என்னவே, லாரியத் தூக்கினது நீருதானா?"

"தெரியாம தூக்கிட்டேன் அண்ணாச்சி."

"இனிமே தெரிஞ்சே தூக்கும். பெரிய படம் எடுக்காங்க. சூப்பர் ஹீரோ படம். உமக்கு வேல ஒண்ணும் கிடையாது, சொல்லும்போது தூக்கணும், சொல்லும்போது இறக்கணும்."

வெள்ளத்தோடு வாழை போயிருந்தது. வாழையோடு சுமை வேலையும் போயிருந்தது. வீட்டில் மனைவி முத்துராணிக்கு அஞ்சாவது மாதம். பெருமாள்ராஜ் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் எபனேசரை வாசல்வரை அனுப்பிவிட்டு வந்தாள்.

"போங்க, வேண்டாம்னு சொல்லல," என்றாள் பிறகு. "வலது கை போனது போகட்டும். இடது கைய மட்டும் பிள்ளைக்கு வச்சிருங்க. காய்ச்சல் அடிக்கான்னு தொட்டுப் பாக்க ஒரு கை வேணும்லா."

அவன் இடது கையை அவள் வயிற்றில் வைத்துச் சத்தியம் செய்தான். உள்ளே இருந்து ஒரு இடி வந்தது. உள்ளங்கையில் அது நன்றாகத் தெரிந்தது. பல நாளைக்குப் பிறகு அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது.

படப்பிடிப்பு ராதாபுரம் பக்கத்துப் பனங்காட்டில் தொடங்கியது. ஆற்றங்கரையெல்லாம் பச்சையாக இருந்தது டைரக்டருக்குப் பிடிக்கவில்லை. திருநெல்வேலி என்றால் காய்ந்து கிடக்க வேண்டும், ஆளுக்கொரு அரிவாள் இருக்க வேண்டும் என்பது அவர் துறையில் எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். உள்ளூரில் அத்தனை அரிவாள் கிடைக்காததால் சென்னையிலிருந்து ஒரு வேன் நிறைய வந்து இறங்கியது. கூடவே நெல்லைத் தமிழ் சொல்லிக்கொடுக்க ஒரு வாத்தியாரும் சென்னையிலிருந்து வந்தார். பெருமாள்ராஜ் பேசுவதைக் கேட்டுவிட்டு, இதில் 'ஏலே' போதவில்லை, எந்த ஊர்க்காரர் என்று கேட்டார்.

டைரக்டர் கணேஷ்ராம் நல்ல மனிதர். பெருமாள்ராஜை நாற்காலி போட்டு உட்காரவைத்துக் கதை சொன்னார்.

"நம்ம ஹீரோ வழக்கமான சூப்பர் ஹீரோ கிடையாது பெருமாள். விருப்பமே இல்லாத சூப்பர் ஹீரோ. உலகத்தைக் காப்பாத்துங்கன்னு சொன்னா, என்னை விட்டுடுங்கன்னு சொல்றவர். நம்ம ஊர்ல இப்படி ஒரு கேரக்டர் வந்ததே இல்ல. வெளிநாட்டுல நெறைய வந்து ஓடியிருக்கு, அந்த தைரியத்துலதான் இந்தப் புது முயற்சியைப் பண்றோம்."

"நானும் விட்டுருங்கன்னுதான் சொல்லிட்டிருக்கேன் சார்."

"அது உங்க சொந்த விஷயம். இதுல இன்னொண்ணு, ஹீரோவுக்கு ஒரு குறை இருக்கு. அந்தக் குறை என்னங்கிறதை முடிவு பண்ண மட்டும் குற்றாலத்துல ரூம் போட்டு ஒரு சீசன் முழுக்கப் பேசினோம். குடிப்பழக்கம்னா குடும்பங்கள் வராது. பயம்னா ரசிகர்கள் ஸ்கிரீனைக் கிழிச்சிடுவாங்க. கோபம் குறையே இல்ல, நிறை. கடைசியில தாடின்னு முடிவாச்சு."

"தாடியா சார்?"

"சோகமான தாடி."

கேட்டவரிடம் சொல்லாமல் இருப்பது மரியாதை இல்லை என்று பெருமாள்ராஜ் தன் கை விஷயத்தைச் சொன்னான். கணேஷ்ராம் நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு உதவியாளர்களைக் கூப்பிட்டு, அவனை முதலிலிருந்து மறுபடியும் சொல்லச் சொன்னார்.

"ரொம்ப நல்லா இருக்கே, தாடியோட இதையும் வச்சுக்கலாம்," என்றார். "ஆனா கை முழுக்க வேணாம். டான்ஸ் பாதிக்கும். ரெண்டு விரல் போதும். கடைசியில சரியாயிடணும்."

"சரியாகாது சார்."

"சரியாகலேன்னா பார்ட் டூ எப்படி எடுக்கிறது பெருமாள்?"

ஹீரோவுக்கு ஒரு பெயர் உண்டு. ஆனால் படப்பிடிப்பில் அதைச் சொல்லும் வழக்கம் இல்லை. ஹீரோ சார் என்பார்கள், அதையும் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். அவர் கேரவனிலிருந்து இறங்குவதற்கு முன் காலணி இறங்கும். காலணிக்குத் தனியாக ஒரு ஷாட் உண்டு. அப்புறம் முதுகு, அப்புறம் புகை. முகம் காட்டுவதற்குள் வெயில் சாய்ந்துவிட்டால் முகம் மறுநாளைக்குப் போகும். நானூறு பேர் அதை ஒரு வேலையாகச் செய்துகொண்டிருந்தார்கள். பெருமாள்ராஜ் பனைமரத்தடியில் உட்கார்ந்து, முழுசாக ஒரு மனுஷன் வந்து சேருவதற்காகக் காத்திருந்தான்.

அதற்கு முன்பே சங்கத்துப் பிரச்சினை வந்தது. சண்டைக் கலைஞர்கள் சங்கத்துச் செயலாளர் காரில் வந்து இறங்கி, சங்க அட்டை இல்லாதவன் லாரியைத் தொடக் கூடாது என்றார். அட்டை வேண்டுமானால் தேர்வு உண்டு. கண்ணாடியை உடைத்துக்கொண்டு மாடியிலிருந்து விழ வேண்டும். பெருமாள்ராஜ் விழுந்தான். விழுந்துவிட்டு, யார் வீட்டுக் கண்ணாடியோ என்று பதறிப்போய் உடைந்த துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினான். விழுந்ததில் கலை இல்லை என்று தேர்வில் தோற்றுப்போனான்.

"நாங்க திறமைக்கு எதிரி இல்ல," என்று செயலாளர் எல்லோரையும் கூட்டிவைத்துப் பேசினார். "அட்டை இல்லாத திறமைக்குத்தான் எதிரி. இன்னைக்கு ஒருத்தன் அட்டை இல்லாம லாரியைத் தூக்குவான். நாளைக்கு இன்னொருத்தன் அட்டை இல்லாம பறப்பான். அப்புறம் கயிறு கட்டிப் பறக்கிற எங்க தொழிலாளி எங்கே போவான்? இந்தத் தொழில்ல நிஜத்துக்கு இடம் குடுத்தா அதோட முடிஞ்சது."

கடைசியில் சமரசம் ஆயிற்று. பெருமாள்ராஜ் தூக்கும்போது அட்டை வைத்திருக்கிற இரண்டு பேர் பக்கத்துக்கு ஒருவராக நின்று லாரியில் கை வைத்துக்கொள்ள வேண்டும். சட்டப்படி தூக்குகிறவர்கள் அவர்கள். பாவம், நல்ல பையன்கள். அவன் வலிக்காமல் தூக்குகிறானே என்று அவனுக்கும் சேர்த்து அவர்களே முக்கினார்கள்.

முதல் தடவை தூக்கியபோது நானூறு பேரும் வாயடைத்துப் போனார்கள். கேமராமேன் மட்டும் மானிட்டரைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"பொய் மாதிரி இருக்கு சார்."

டைரக்டருக்கும் அப்படித்தான் பட்டது. நிஜமாகத் தூக்கும்போது எதுவுமே நடக்கவில்லை. கழுத்து நரம்பு புடைக்கவில்லை, பல் கடிபடவில்லை, தூசி சுழன்று எழும்பவில்லை. வாசலில் கிடக்கிற சாக்குமூட்டையை ஓரமாக நகர்த்துகிறவன் முகத்தோடு ஒருவன் லாரியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான். டிக்கெட் வாங்கிப் பார்க்கிறவன் தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் நினைப்பான்.

சரி, லாரியே வேண்டாம், தெர்மாகோலில் செய்துகொள்ளலாம் என்றால் அதுவும் முடியாது. நிஜ லாரி என்று முன்பே விளம்பரம் கொடுத்தாகிவிட்டது. எனவே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பெருமாள்ராஜுக்குத் தலையிலிருந்து கால்வரை பச்சைத் துணியில் ஒரு உடை தைத்தார்கள். பச்சையெல்லாம் பிறகு கம்ப்யூட்டரில் அழிந்துவிடும். ஹீரோ சார் முன்னால் நின்று முகத்தால் தூக்குவார், இவன் பின்னால் நின்று கையால் தூக்குவான். அட்டைக்காரர்களுக்கும் பச்சை. ஆக மொத்தம் ஒரு லாரியைத் தூக்க மூன்று பேர் பச்சையில், ஒருவர் தாடியில்.

"நீங்க தூக்குறது தெரியணும், நீங்க தெரியக் கூடாது," என்று கணேஷ்ராம் விளக்கினார். "அதுதான் பெருமாள் சினிமா."

ஹீரோ சாரின் முடி காற்றில் தவறான பக்கம் பறந்ததால் மறுபடி தூக்கினான். காக்காய் ஒன்று குறுக்கே போனதால் மறுபடி தூக்கினான். ரசிகர் மன்றத்தார் மாலையோடு உள்ளே புகுந்துவிட்டதால் மறுபடி தூக்கினான். தயாரிப்பாளரின் மருமகன் பிறந்தநாளுக்குக் கேக் வெட்ட எல்லோரும் போனார்கள், இறக்கச் சொல்ல மறந்துவிட்டார்கள். அவன் லாரியோடு அங்கேயே நின்றான். வலது கையில் உள்ளங்கை போயிற்று, மணிக்கட்டு போயிற்று. முதலில் பயமாக இருந்தது. போகப் போக அந்தப் பயமும் மரத்துப்போனது. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

ஒரு நாள் மத்தியானம் பச்சைத் தொப்பியைக் கழற்றிவிட்டு டைரக்டர் முன்னால் போய் நின்றான்.

"இனி என்னால ஏலாது சார். முழங்கை வர போயிட்டு. என்ன விட்டுருங்க."

கணேஷ்ராம் நாற்காலியிலிருந்து பைய எழுந்தார். உதவியாளர்களைப் பார்த்து, யாரும் சத்தம் போடாதீங்க என்று சைகை காட்டினார்.

"பாருங்கப்பா. இதுதான் மறுப்பு. குற்றாலத்துல இவ்வளவு நாள் தேடினோமே, அது இதுதான். ஹீரோ சாரைக் கூப்பிடுங்க."

காலணி வந்தது, முதுகு வந்தது, ஹீரோ சார் வந்தார். எதிரில் உட்கார்ந்து கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, "எங்கே, இன்னொரு தடவை மறுத்துக் காட்டுங்க," என்றார். பெருமாள்ராஜ் மறுத்தான். முன்னைவிட மனசாரவே மறுத்தான். நெல்லைத் தமிழ் வாத்தியார் குறுக்கிட்டு, 'ஏலாது' என்பது சரியில்லை, 'ஏலே, முடியாதுலே' என்று வர வேண்டும் என்று திருத்தினார். காற்றுக்கு மெஷின் வைத்தார்கள். ஹீரோ சார் மறுத்தார். நானூறு பேரும் கை தட்டினார்கள். ஒரு லைட்மேன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"தப்பா நினைக்காதீங்க பெருமாள்," என்றார் கணேஷ்ராம். "அவர் மறுத்ததுலதான் உயிர் இருக்கு. உங்களது கொஞ்சம் சப்புன்னு இருக்கு. சரி, அடுத்த ஷாட்டுக்கு லாரி ரெடி. தொப்பியைப் போட்டுக்குங்க."

அவன் மறுத்தது படத்தில் சேர்ந்துவிட்டது. லாரி மட்டும் அப்படியே நின்றது.

மாதங்கள் போய், யூனிட் ஸ்ரீவைகுண்டத்துக்கு வந்தது. ஆற்று மணலில் ஒரு பழைய பஸ்ஸைக் கிரேனில் தொங்கவிட்டார்கள். கிளைமாக்ஸ். முத்துராணிக்கு இன்றோ நாளையோ என்று இருந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்திருந்தான். அன்றைக்கு டைரக்டர் அவனிடம் இரண்டு கையாலும் தூக்க வேண்டும் என்றார். போஸ்டரில் இரண்டு கை வருகிறது. ஒரு கையால் தூக்குவதெல்லாம் முதல் பாதி.

"இடது கையத் தர மாட்டேன் சார். அது பிள்ளைக்கு. வீட்டுல சத்தியம் பண்ணியிருக்கேன்."

இந்தத் தடவை கணேஷ்ராம் உதவியாளர்களைக் கூப்பிடவில்லை. அவர் முகத்தில் நிஜமான வருத்தம் இருந்தது.

"பெருமாள், முதல் பாதியில நீங்க எவ்வளவு வேணா மறுக்கலாம். அது கேரக்டர். நான் ஏதாவது சொன்னேனா? ஆனா இடைவேளை வரைக்கும் எடுத்து முடிச்சாச்சு. வில்லன் தங்கச்சியைக் கடத்திட்டான். ஹீரோ தாடியை எடுத்தாச்சு. இதுக்கு அப்புறம் மறுத்தா ஆடியன்ஸ் எந்திரிச்சுப் போயிடுவான்."

"எனக்குத் தங்கச்சி கிடையாது சார்."

"இடைவேளைக்குப் பிறகு மறுக்கக் கூடாது. இது நான் போட்ட சட்டம் இல்ல. இந்தத் தொழில் ஆரம்பிச்ச நாள்லேர்ந்து இருக்கிறது."

பெருமாள்ராஜ் எபனேசரைத் தேடிப் போனான். அவர் மருத மரத்து நிழலில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, நான் வீட்டுக்குப் போறேன்."

"போலாம்வே. யாரு உம்மக் கட்டிப்போட்டிருக்கா? ஆனா ரெண்டாம் பாதியில போனவன் ஒருத்தனையும் நான் பாத்ததில்ல." எபனேசர் டம்ளரைக் கீழே வைத்தார். "வேதத்துல யோனாவப் பாரும். போவ மாட்டேன்னு கப்பலேறி ஓடினாம்லா, அது ஆரம்பத்துல. மீன் வயித்துக்குள்ள போனபெறகு ஓடினானா? ஓடல. அதுக்குமேல நினிவேக்குத்தான் போவணும். ஆண்டவரே அப்படித்தான் கத பண்ணியிருக்காரு."

"அவன் கை மரத்துப்போச்சா அண்ணாச்சி?"

"அது எழுதியில்ல."

சாப்பாட்டு நேரம் வந்தது. நானூறு பேரும் இலை முன்னால் உட்கார்ந்தார்கள். அட்டைக்காரப் பையன்கள் இரண்டு பேர் மட்டும் பஸ்ஸுக்கு அடியில் நின்றார்கள். பெருமாள்ராஜ் நிற்கும் இடத்தைத் தரையில் குறித்துவிட்டால், அவன் வந்தாலும் வராவிட்டாலும் பக்கத்துக்கு ஒருவர் அங்கே நிற்க வேண்டும் என்பது சங்கத்துச் சட்டம். கிரேனில் கம்பிக்கயிறு ஒரு முறை கிரீச்சிட்டது. பிறகு அறுந்தது.

ஒருவன் முழங்கால்வரை மாட்டிக்கொண்டான், மற்றவன் மார்புவரை. பெருமாள்ராஜ் இந்தத் தடவை நாலு பக்கமும் பார்க்கவில்லை. ஓடிப்போய் வலது கையைக் கொடுத்தான். கை பிடித்திருக்கிறதா இல்லையா என்று கைக்கே தெரியவில்லை. பஸ் வழுக்கியது. அடியில் இருந்தவன், "அண்ணே," என்றான். பெருமாள்ராஜ் இடது கையையும் உள்ளே கொடுத்துத் தூக்கினான்.

விரல் நுனியில் தொடங்கி உள்ளங்கை, மணிக்கட்டு, முழங்கை என்று வரிசையாகப் போயிற்று. ஒரு வீட்டில் ஒவ்வொரு அறையாக விளக்கை அணைத்துக்கொண்டே வருவதுபோல் இருந்தது. பையன்களை இழுத்து வெளியே போட்டார்கள். இரண்டு பேருக்கும் உயிர் இருந்தது. பெருமாள்ராஜ் பஸ்ஸைப் பைய இறக்கிவிட்டு, இடது கையால் கொஞ்சம் மணலை அள்ளிப் பார்த்தான். மணல் விரலிடுக்கில் விழுவது கண்ணுக்குத் தெரிந்தது.

"ஆக்‌ஷன் யார் சொன்னது?" என்று கேட்டுக்கொண்டே கணேஷ்ராம் ஓடிவந்தார்.

யாரும் சொல்லவில்லை. கேமராமேன் அப்போதுதான் ரசத்துக்கு வந்திருந்தார். ஆக்‌ஷன் சொல்லாமல் நடந்தது அந்தத் தொழிலில் நடந்ததாகாது. கணேஷ்ராம் தலையில் கை வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டார். காயம்பட்டவர்களை வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். வேறு இரண்டு அட்டைக்காரர்கள் வந்து அவர்கள் இடத்தில் நின்றார்கள்.

"இடது கையும் போயிட்டு சார்," என்றான் பெருமாள்ராஜ்.

"கேள்விப்பட்டேன். மனசு கஷ்டமா இருக்கு பெருமாள், உண்மையா சொல்றேன்." அவர் அவன் கையைப் பிடித்தார். பிடித்திருக்கிறார் என்று அவன் பார்த்துத் தெரிந்துகொண்டான். "ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. எதுக்காக மறுத்தீங்களோ அதுதான் இப்ப இல்லையே. இனிமே தூக்குறதுக்கு என்ன தடை?"

பெருமாள்ராஜ் யோசித்துப் பார்த்தான். டைரக்டர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. தொப்பியைப் போட்டுக்கொண்டு போய் இரண்டு கையாலும் தூக்கினான். ஹீரோ சார் முகத்தில் நிழல் விழுந்தது என்று மறுபடி தூக்கினான். எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு முறை எடுத்தார்கள், அதற்கும் தூக்கினான். பஸ்ஸை இறக்கியதும் எபனேசர் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னார்.

"பொம்பளப் பிள்ள வே. தாயும் பிள்ளையும் சுகமா இருக்காவ."

ஆஸ்பத்திரியில் நர்ஸ் பிள்ளையை அவன் கையில் கொடுத்தாள். அவன் கண்ணை எடுக்காமல் தன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றான். பார்வையை எடுத்தால் விட்டுவிடுவோமோ என்று பயம். பிள்ளையைப் பார்த்து மலைத்துப்போய் நிற்கிறான் என்று வார்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"இடது கையால தொட்டுப் பாருங்க," என்றாள் முத்துராணி படுக்கையிலிருந்து.

பிள்ளையை அவள் பக்கத்தில் கிடத்திவிட்டு, ஒரு விரலால் கன்னத்தைத் தொட்டான். விரல் கன்னத்தில் குழிவதைப் பார்த்து அமுக்கத்தைச் சரிசெய்துகொண்டான்.

"எப்படி இருக்கு?"

"ஏளா, மெத்துன்னு இருக்கு," என்றான். அவளிடம் அவன் சொன்ன முதல் பொய் அது. அதற்குப் பிறகு அந்தப் பொய்யைக் காப்பாற்றுவதே வேலையாகப் போயிற்று. பிள்ளைக்கு உடம்பு சுடுகிறதா என்று பார்க்கச் சொன்னால் குனிந்து தன் கன்னத்தை நெற்றியில் வைத்துப் பார்ப்பான். எவ்வளவு பாசம் என்று முத்துராணி அக்கம்பக்கத்தில் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டாள்.

பிள்ளை குப்புற விழுந்து, தவழ்ந்து, பல் முளைக்கிற நேரத்தில் படம் வந்தது. ஊரெங்கும் போஸ்டர். டூப் இல்லாமல், கயிறு இல்லாமல், நிஜ லாரி, நிஜ பஸ். வெற்றி விழாவை டிவியில் காட்டினார்கள். இரண்டு அட்டைக்காரர்களுக்கும் சங்கச் செயலாளர் வீரப் பதக்கம் போட்டு, நிஜத்தால் ஏற்பட்ட விபத்து இது என்று வருத்தப்பட்டார். கடைசியில் ஹீரோ சார் மைக்கைப் பிடித்தார்.

"எல்லாரும் கேக்கிறாங்க, அந்த லாரியைத் தூக்கும்போது வலிக்கலையான்னு. வலிச்சுது. பொய் சொல்ல மாட்டேன். ஆனா அந்த வலி உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு நினைச்சேன். தெரியலேன்னா அது என் நடிப்பு."

எபனேசர் இரண்டு பாஸ் கொண்டுவந்து கொடுத்தார். மத்தியானக் காட்சிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இருவரும் திருநெல்வேலிக்குப் போனார்கள். தியேட்டர் வாசலில் ஏணி வைத்து ஹீரோ சாரின் கட்அவுட்டுக்குப் பால் ஊற்றினார்கள். வழிந்த பாலில் பிள்ளையோடு வழுக்கிவிடும் என்று முத்துராணி ஓரமாக நடந்தாள்.

லாரி வந்தது. ஹீரோ சார் தூக்கினார். கழுத்து நரம்பு புடைத்தது, தூசி சுழன்றது, நம்பும்படியாக இருந்தது. பெருமாள்ராஜ் தான் நின்ற இடத்தைத் தேடிப் பார்த்தான். அங்கே ஆகாயம் இருந்தது. நல்ல ஆகாயமாகத்தான் போட்டிருந்தார்கள். மறுப்புக் காட்சி வந்தபோது பின்வரிசையில் ஒருவர் விம்மினார். இடைவேளைக்குப் பிறகு யாரும் எதையும் மறுக்கவில்லை. பஸ்ஸைத் தூக்கியதில் ஹீரோ சாருக்கு இரண்டு விரல் மரத்துப்போயிற்று. கதாநாயகி அந்த விரலில் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டாள். விரல் துடித்தது. தியேட்டரே எழுந்து விசில் அடித்தது.

முத்துராணி மட்டும் திரையைப் பார்க்கவில்லை. அவள் மடியில் இருந்த பிள்ளை, பெருமாள்ராஜின் இடது கை ஆள்காட்டி விரலை வாயில் போட்டுக் கடித்துக்கொண்டிருந்தது. புதுப் பல். அவள் விரலைப் பிடுங்கித் திரை வெளிச்சத்தில் பார்த்தாள். பல் பதிந்து ரத்தம் கசிந்திருந்தது. பெருமாள்ராஜ் அதை அவளோடு சேர்ந்துதான் பார்த்தான். எவ்வளவு நேரமாகக் கடிக்கிறதோ தெரியவில்லை.

"பல்லு நல்லா முளச்சிருக்கு," என்றான்.

அவள் முந்தானையால் ரத்தத்தைத் துடைத்தாள். படம் முடிந்து திரை இருண்டது. விளக்குப் போடுகிறவரும் விசில் அடிக்கப் போய்விட்டாரோ என்னவோ, வெளிச்சம் வரவில்லை. பக்கத்து ஆள் முகம் தெரியாத இருட்டு. சத்தத்துக்கு நடுவே முத்துராணியின் குரல் அவன் காதருகில் கேட்டது.

"நான் இப்பம் எந்தக் கையப் பிடிச்சிருக்கேன், சொல்லுங்க."

பெருமாள்ராஜ் குனிந்து பார்த்தான். ஒன்றும் தெரியவில்லை. அவள் தனக்கு எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறாள் என்று யோசித்தான். இதைச் சரியாகச் சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகப் போய்விடும் என்று தோன்றியது. அவ்வளவு ஆசையாக அவன் எதையும் வேண்டிக்கொண்டதில்லை.

"இடது கைய," என்றான்.

விளக்கு எரிந்தது. முத்துராணியின் இரண்டு கைகளும் பிள்ளையைச் சுற்றி இருந்தன.